நேர்ந்துவிட்ட எருமை

நனைந்த எருமை வாலைக் கையில் பிடித்தால் முறுக்கிய தேங்காய்நார்க் கயிற்றைப் பிடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் கயிற்றுக்குள் எலும்பு இல்லை, சூடு இல்லை, கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ‘விடு’ என்று சுண்டிக் காட்டவும் கயிற்றுக்குத் தெரியாது. சேறும் சாணமும் கடித்த புல்லும் கலந்த வாடை மூக்கில் அடிக்க, வயிற்றுக்குக் கீழே கொள்ளிடத்துத் தண்ணீர் சில்லென்று ஓட, முன்னால் ஒரு கறுத்த முதுகு மட்டும் தெரிய, அந்த வாலை நம்பி மிதந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

குமராட்சிக்குத் தெற்கே, பெரிய கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே, கொஞ்சம் மேடான திட்டில் இருந்தது எங்கள் ஊர். மினி பஸ் கரையோடு நின்றுவிடும். அங்கிருந்து பள்ளத்தில் இறங்கி, வாய்க்கால்மேல் போட்டிருந்த குழாய்ப் பாலத்தைத் தாண்டி மறுபடி ஏறினால் ஊர். தெற்கே ஆற்றின் நடுவில் ஒரு மணல்மேடு கிடந்தது. காலையில் எருமைகளை அங்கே நீந்தவிட்டு மேயவிடுவார்கள். புல் அறுக்கப் போகிறவர்களும் விறகு பொறுக்கப் போகிறவர்களும் அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டே போய், சாயங்காலம் அப்படியே திரும்புவார்கள். ஊரில் இதற்கு “வால் புடிக்கிறது” என்று பெயர். கொம்பைத் தொடக்கூடாது, முதுகில் தொற்றக்கூடாது, காலை உதைக்கக்கூடாது. “வால நீ இழுக்காத, வால் ஒன்ன இழுக்கட்டும்” என்பாள் அம்மா. நான் கற்றுக்கொண்ட நீச்சல் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு எருமைக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி இருந்ததால் அதற்குச் சுட்டி என்றே பெயர். அம்மாவுக்கு அஞ்சலை என்று பெயர். வீட்டு அடுப்பு எரிந்தது சுட்டியின் பாலில். அப்பா கூலி வேலைக்குப் போவார். வேலை இல்லாத மாதங்களில் சுட்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அம்மா அதனிடம் பேசுகிற அளவுக்கு அப்பாவிடம்கூடப் பேசமாட்டாள். நான் யாரிடமும் பேசமாட்டேன். எனக்குச் சுலபத்தில் வாய் வராது, இன்றைக்கும் வராது. அதனால்தானோ என்னவோ இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அடைமழை. பள்ளிக்கூடம் லீவு. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். ஆம்பளைகள் எல்லாரும் கரை உடையாமல் மணல்மூட்டை அடுக்கப் போய்விட்டார்கள். போகும்போது அப்பா எங்கள் கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கரைமேல் ஒரு பனைமரத்தில் கட்டிவிட்டார். தாயை அம்மா சாமான்களை மேலே ஏற்றிவிட்டு ஓட்டி வரட்டும் என்று ஏற்பாடு. அதற்குள் தண்ணீர் பள்ளத்தில் ஏறிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோடு மறைந்தது, வாய்க்கால் மறைந்தது. கரண்டு கம்பங்கள் மட்டும் வரிசையாக நின்றன. வீடுகளுக்குள் கணுக்கால் தண்ணீர், பிறகு முழங்கால் தண்ணீர். திட்டில் மிச்சமிருந்தது பெண்களும் பிள்ளைகளும்தான். ஆம்பளை என்று ஒருவர் இருந்தார், செல்வராசு மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், அம்மன் கோயில் காரியங்களை எல்லாம் முன்னின்று பார்ப்பவர். டி.வி.யைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்ததால் அவர் மற்ற ஆம்பளைகளோடு போகவில்லை.

அக்கரையில் கன்று கத்தியது. மழைச் சத்தத்தில் எங்களுக்கு அது கேட்டும் கேட்காததுமாக இருந்தது. சுட்டிக்கு நன்றாகவே கேட்டிருக்க வேண்டும். முளைக்குச்சியைப் பிடுங்குகிற வேகத்தில் இழுத்தது. அம்மா ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு அவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வேம்பு அக்காவின் கையில் வாலைக் கொடுத்தாள். வேம்பு அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

“இந்தா, புடிச்சிக்க. பயப்படாத. அது புள்ளைய தேடிப் போவுது. நீயும் புள்ளையோட போ.”

வேம்பு அக்காவின் முந்தானையை நான் பிடித்துக்கொண்டேன். என் சட்டையை எனக்குப் பின்னால் வந்தவள் பிடித்தாள். இப்படியே தெருவே ஒரு சரமாகக் கோத்துக்கொண்டு இறங்கியது. சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் தூக்கிக்கொண்டார்கள். அம்மா எருமையின் விலாவில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். கடைசியாகச் செல்வராசு மாமாவும் அவர் மனைவியும்.

கொஞ்ச தூரம் கம்ப வரிசையை ஒட்டியே போன சுட்டி, குழாய்ப் பாலம் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. முன்காலால் தண்ணீருக்குள் எதையோ தடவிப் பார்த்தது. பிறகு ரோட்டை விட்டுவிட்டுக் கிழக்கே நாணல் புதர்ப் பக்கம் திரும்பியது.

“ஏய் அஞ்சல! ரோட்ட வுட்டுட்டுப் போவுது பாரு! திருப்பு, திருப்பு!” என்று பின்னால் மாமா கத்தினார்.

“சும்மா வா அண்ணே! அதுக்குத் தெரியும்.”

“எருமைக்கு இன்னா தெரியும்? எல்லாரையும் சாவடிச்சிடுவ போலருக்குதே!”

தண்ணீர் என் கழுத்துக்கு வந்தது. கால் தரையில் பாவவில்லை. எனக்கு முன்னால் வேம்பு அக்கா, “அது இழுக்குதுடி, நான் சும்மாதான் இருக்கேன், அது இழுக்குதுடி” என்று சொல்லிக்கொண்டே போனாள். அப்போதுதான் பின்னாலிருந்து மாமாவின் குரல், மழையைவிடப் பெரியதாக எழுந்தது:

“தாயே! எங்கள கரை சேத்துடு! இந்த எருமைய ஒனக்கே நேந்து வுட்டுடறோம் தாயே!”

நாணலுக்குள் தரை தட்டியது. சுட்டி ஏறியது, நாங்கள் ஏறினோம். அது எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே பனைமரத்துக்குப் போய்க் கன்றை நக்க ஆரம்பித்தது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வேம்பு அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, கரைமேல் இருந்த பள்ளிக்கூடத்திலேயே. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் குழாய்ப் பாலத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் ரோட்டை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய், ஆளை விழுங்குகிற பள்ளம் கிடந்தது. கம்பங்களைப் பார்த்து நேராகப் போயிருந்தால் எங்கள் தெருவில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

எருமை எங்களைக் காப்பாற்றத்தான் போனது என்று நான் சொல்லமாட்டேன். அது தன் கன்றிடம் போனது. போகிற வழியில் எங்கள் பாரத்தையும் இழுத்துக்கொண்டு, உதறிவிடாமல், உதைக்காமல் போனதே, அது போதாதா? ஆனால் ஊருக்குப் போதவில்லை. எருமைக்கு அறிவு இருந்தது என்று ஒத்துக்கொள்வதைவிட, அம்மன் வந்து எருமைக்குள் இறங்கினாள் என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

வீடுகளைக் கழுவி முடித்ததும் கோயில் வாசலில் ஊர் கூடியது. நேர்ந்ததை நிறைவேற்ற வேண்டும், எருமைக்குச் சூலம் போட்டு அம்மன் பெயரில் விட்டுவிட வேண்டும் என்றார் செல்வராசு மாமா. அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

“அண்ணே, நேந்தது நீ. ஒன் மாட்ட வுடு. எம்மாட்ட நேர நீ யாரு?”

“தண்ணியில இருக்கறப்ப எங்கிட்ட மாடா இருந்திச்சி? கண்ணுக்கு முன்னால எது இருந்திச்சோ அதத்தான நேர முடியும்?”

“கண்ணுக்கு முன்னால ஒம்பொண்டாட்டியுந்தான் இருந்தா!”

கூட்டம் சிரித்துவிட்டது. மாமாவின் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவுக்கு முகம் கறுத்தது. சிரித்து முடித்தபின் ஒரு பெரியவர், “சாமி கடன வெச்சிக்கிட்டா அடுத்த மழைக்கு ஊரே போயிடும்மா” என்றார். சிரித்த வாய்கள் எல்லாம் ‘ஆமாம்’ என்றன. மாமா அப்பாவின் பக்கம் திரும்பி, “மச்சான், ஊரு ஒரு பக்கம், எருமை ஒரு பக்கம். நீயே சொல்லு” என்று கேட்டார். அப்பா நல்லவர். ஊரில் யாரும் அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காக எதையும் கொடுத்துவிடுவார். “ஊரு சொன்னா சரிதான்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் சுட்டிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, செவ்வந்தி மாலை போட்டார்கள். அது தலையைத் திருப்பி மாலையைக் கொஞ்சம் தின்றது. பூசாரி சூலக்கம்பியைத் தணலில் பழுக்கக் காய்ச்சி வலது தொடையில் வைத்தார். மயிர் கருகிய நாற்றம், கூடவே பெண்களின் குலவை. மாட்டைப் பிடித்துக்கொள்ள அம்மா மறுத்துவிட்டாள்; அப்பாதான் தலையைப் பிடித்திருந்தார். நம் உயிரைக் காப்பாற்றிய ஒன்றுக்கு நன்றி சொல்ல நினைக்கிறவர்கள் இரும்பை எதற்காகக் காய்ச்சுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இத்தனை வருஷம் யோசித்தும் புரியவில்லை.

கயிற்றை அறுத்துவிட்டதும் சுட்டி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. கன்று அங்கேதானே இருந்தது! சாமி மாட்டைக் கட்டக்கூடாது, சாமி மாட்டுக்குத் தொழுவம் கூடாது என்று திரும்பவும் கோயிலுக்கு ஓட்டினார்கள். மறுபடி வந்தது, மறுபடி ஓட்டினார்கள். மடி கல்லாக வீங்கிவிட்டது. சாயங்காலங்களில் அம்மா கோயில் பின்பக்கம் போய், ஒரு சொட்டுகூட வீட்டுக்குக் கொண்டுவராமல், மண்ணில் பீய்ச்சிவிட்டு வருவாள். அதற்கும் “சாமி பால திருடறா” என்று ஒரு பேச்சு கிளம்பியது. சரி, அபிஷேகத்துக்குக் கறக்கலாம் என்று பூசாரி உட்கார்ந்தார். கன்றும் இல்லாமல், பழகின கையும் இல்லாமல் எந்த எருமை பால் சுரக்கும்? செம்பை உதைத்துத் தள்ளியது. அம்மன் கோபமாக இருக்கிறாள் என்று சொல்லி எழுந்துவிட்டார். கடைசியில் பால் தானாக வற்றிப்போனது. எங்கள் வீட்டில் டீ கறுப்பாக மாறியதைப் பற்றி அம்மன் உட்பட யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல் அறுவடைக்குச் சுட்டி யார் வயலில் வாயை வைத்தாலும் “அம்மன் மேயுறா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த பட்டத்தில் “ச்சூ, ச்சூ” என்று விரட்டினார்கள். அதற்கும் அடுத்ததில் கல் வந்தது, கட்டை வந்தது. ஒருநாள் பின்னங்காலில் அரிவாள் வெட்டோடு நொண்டிக்கொண்டு எங்கள் தெருவழியாகப் போனது. யார் வெட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாட்டுக்குச் சொந்தக்காரர் இருந்தால்தானே கேட்பதற்கு! அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினாள். காயம் ஆறியது, நொண்டல் மட்டும் போகவில்லை.

பிறகு ஒரு தை மாதம், உளுந்து பூத்திருந்த நேரத்தில், செல்வராசு மாமாவின் கொல்லையில் புகுந்துவிட்டது. அவர் வீட்டு ஆட்கள் அதைப் பிடித்து, பயிரை மேய்ந்த மாடுகளை அடைக்கிற பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊரில் இருந்தது அந்தப் பட்டி. சொந்தக்காரர்கள் வந்து அபராதம் கட்டி மீட்க வேண்டும். மீட்காத மாட்டை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுக்க வருகிறவர்கள் யார், எங்கே கொண்டுபோவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊருக்கே சேதி தெரிந்தும் ஒருவரும் போகவில்லை. ‘சாமி மாடு, சாமி பாத்துக்கும்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மினி பஸ் ஏறினாள்.

பட்டிக்காரர் சுட்டியின் தொடையைக் காட்டி, “சூலம் போட்டிருக்குதே. இது சாமி மாடு. ஒன்னுதுன்னு எப்டி சொல்ற?” என்றார்.

“சாமிகிட்ட கேட்டுட்டுதான் வரேன். ஓட்டிக்கிட்டுப் போடின்னுட்டா.”

“அப்டியா! எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே?”

“நீங்க கேட்டிருக்க மாட்டீங்க.”

அவர் சிரித்துக்கொண்டே அபராதத்தை வாங்கிக்கொண்டு படலைத் திறந்தார். கரையோடு நடந்தே வந்தோம். நொண்டிக்கொண்டு அது நின்ற இடத்தில் எல்லாம் நாங்களும் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும் அதைத் தொழுவத்தில் கட்டினாள். அந்த வருஷம் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் வரி வாங்கவில்லை. வரி வாங்காவிட்டால் அந்தக் குடும்பம் ஊரோடு சேர்த்தி இல்லை என்று அர்த்தம். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “வாங்காட்டி போறாங்க, மிச்சம்” என்றாள் அம்மா.

அப்புறம் சில வருஷங்கள் சுட்டி எங்கள் தொழுவத்திலேயே இருந்தது. பால் கிடையாது, கன்று கிடையாது. அதன் கன்றே பெரிய எருமையாகிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் பத்தாவது முடித்துவிட்டுத் தையல் கற்றுக்கொண்டிருந்தபோது மறுபடி அப்படி ஒரு வெள்ளம் வந்தது. இந்த முறை அப்பா முன்கூட்டியே நடக்கிற உருப்படிகளை எல்லாம் கரைக்கு ஓட்டிவிட்டார். நொண்டியான சுட்டி பாதி வழியில் படுத்துக்கொண்டதால் திரும்ப வீட்டுக்கே கொண்டுவர வேண்டியதாயிற்று. மறுநாள் பகலில் கடலோரத்திலிருந்து மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். யாரென்றே தெரியாத எங்களுக்காக வந்த அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். “ஆளுங்க மட்டும் ஏறுங்க, மாடு கன்னு முடியாது” என்றார்கள். அது நியாயம்தான். அம்மா சுட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதன் நெற்றியில் கையை வைத்து எதையோ சொல்லிவிட்டுக் கடைசியாக ஏறினாள். படகில் அப்பாவும் நானும், வேம்பு அக்காவும் அவள் பெண்ணும், பேரனை மடியில் வைத்துக்கொண்டு செல்வராசு மாமாவும், இன்னும் தெருவில் பாதிப் பேரும் இருந்தோம்.

படகு கிளம்பியதும் சுட்டி பின்னாலேயே நீந்தி வந்தது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, மூன்று காலால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, படகின் விளிம்புக்கே வந்துவிட்டது. மனிதர்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம்தான் கரை என்று நினைத்ததோ என்னவோ. படகு ஆடியது. பிள்ளைகள் வீறிட்டார்கள். “கவுந்துடும், கவுந்துடும்! அடிச்சித் தொரத்துங்க!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். செல்வராசு மாமா பேரனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, படகில் கிடந்த நீளக் கழியை எடுத்து ஓங்கி நெற்றியில் அடித்தார். அது போகவில்லை. இன்னொரு தடவை அடித்தார். வேம்பு அக்கா பெண்ணின் கண்களைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா குதிக்கப் போனாள். அப்பாவும் இன்னொருவரும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சுட்டி கொஞ்ச நேரம் அங்கேயே மிதந்தது. பிறகு திரும்பியது. ஆற்றின் இழுப்பு இருந்த பக்கம்.

மாமா கழியைக் கீழே போட்டார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “தாயே” என்று ஆரம்பித்தார்.

“அவள கூப்புடாத அண்ணே” என்றாள் அம்மா. “இப்பதான அவ தலையில போட்ட.”

மாமா கூப்பிய கையைப் பிரித்து, பேரனைத் திரும்ப மடியில் வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் அம்மா கரையோடு கிழக்கே வெகுதூரம் போய்த் தேடினாள், நானும் போனேன். கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதது ஊருக்கு நல்லதாகப் போயிற்று: அம்மனே கூப்பிட்டுக்கொண்டாள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் எங்களிடம் வரி வாங்கினார்கள். அப்பாவுக்கு நிம்மதி. ஆனால், அந்தப் படகில் உயிரோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தின வெள்ளத்தில் சுட்டிக்குப் பின்னால் வந்தவர்கள் என்பதை ஒருவராவது வாய்விட்டுச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். அப்பா போன பிறகு அம்மாவும் என்னோடுதான் இருக்கிறாள். திட்டுக்கு இப்போது உயரமான பாலம் வந்துவிட்டது, மினி பஸ் ஊருக்குள்ளேயே போகிறது. அதெல்லாம் நல்லதுதான். ஊரில் ஒரு எருமைகூட இல்லை. கடையில் பாக்கெட் பால் விற்கிறது. லாரி லாரியாக மணல் அள்ளியதில், மணல்மேடு இருந்த இடத்தில் பெரிய பள்ளம்தான் இருக்கிறது. “வால் புடிக்கிறது” என்று சொன்னால் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

போன ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கூப்பிட்டும் அம்மா வரவில்லை. கோயில் வாசலில் சிமெண்டில் ஓர் எருமைச் சிலை வைத்திருக்கிறார்கள். பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, தொடையில் தங்க நிறத்தில் சூலம். பீடத்தில் ‘உபயம்’ என்று போட்டுச் செல்வராசு மாமாவின் பெயர். வெயிலும் மழையும் படாமல் மேலே தகரக் கூரை. பாக்கெட் பாலை வெட்டி ஊற்றி அபிஷேகம் செய்துகொண்டிருந்தார்கள். சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குப் புதிதாகக் கம்பிவேலி அடித்து, ஒரு பூட்டும் போட்டிருந்தது. பூட்டு எதற்கு என்று பூசாரியின் மகனிடம் கேட்டேன். நானாக ஒருவரிடம் வாய்திறந்து கேட்டது அந்த ஒன்றுதான்.

“ஆடு மாடு எதனா உள்ள பூந்துடும் அக்கா. சாமி இருக்கற எடம், சுத்தமா இருக்கணும் இல்ல?” என்றான்.